மிச்சம் எவ்வளவு? தாம்பரம் லைனில் ஒரு சம்பளக் கணக்கின் சரித்திரம்

மலருக்கு ஏதாவது சரித்திரக் கட்டுரை எழுதிக் கொடு என்று சங்கத்தில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த சரித்திரம் எல்லாம் மெஷினோடு சம்பந்தப்பட்டது, அதை யார் படிப்பார்கள் என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இறுதியாண்டு படிக்கும் நம் கல்லூரி மாணவர் ஒருவரிடமிருந்து ஃபோன் வந்தது.

"அண்ணா, உங்க நம்பரை சீனியர் ஒருத்தர் கொடுத்தார். தப்பா நினைச்சுக்காதீங்க. பெங்களூர்ல வருஷத்துக்குப் பன்னிரண்டு லட்சம்னு ஒரு ஆஃபர். இங்கேயே துரைப்பாக்கத்துல ஒன்பது லட்சம்னு இன்னொண்ணு. எங்க வீடு பல்லாவரம். எதுக்குப் போகலாம்?"

"அப்பா என்ன சொல்றார்?"

"மூணு லட்சம் அதிகம்டா, இதுல யோசிக்க என்ன இருக்குங்கறார். அம்மா ஒண்ணும் சொல்லலை."

ஒரு வாரம் டயம் கொடுங்க தம்பி என்று சொல்லி வைத்துவிட்டேன். யோசிக்க யோசிக்க, இந்தக் கேள்விக்கு நம் தாம்பரம் லைனில் வயது தொண்ணூறுக்கு மேல் என்று புரிந்தது. மலருக்குக் கட்டுரையும் கிடைத்துவிட்டது.

ரயில் போட்ட முதல் கணக்கு

பம்பாயில் 1925-ல் மின்சார ரயில் ஓடியது. அடுத்து சென்னையில் 1931-ல், பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை. மீட்டர் கேஜ் பாதை, 1,500 வோல்ட் டி.சி. மின்சாரம். 1967-ல் அதை 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாற்றினார்கள். 2004-ல் மீட்டர் கேஜ் யூனிட்டுகள் ஓய்வு பெற்றன. எலெக்ட்ரிகல் நண்பர்களுக்காக இந்த விவரம். மற்றவர்களுக்கு முக்கியமானது தூரம். பீச்சிலிருந்து தாம்பரம் ஏறக்குறைய 29 கிலோமீட்டர்.

அதற்கு முன்பும் நீராவி வண்டி இருந்தது. ஆனால் பாரிமுனையில் வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தா, தினமும் காலையில் போய் மாலையில் திரும்புகிற மாதிரி ஊருக்கு வெளியே குடியிருப்பது என்பதை மின்சார ரயில்தான் சர்வசாதாரணமாக்கியது. தியாகராய நகர் இருபதுகளில் உருவானது. அதற்கு அடுத்த கட்டமாக நகரம் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு தெற்கே நகர்ந்தது. தாம்பரம் பக்கம் 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோய் மருத்துவமனை தொடங்கினார். அங்கே காற்று நன்றாக இருக்கும் என்பதுதான் காரணம். இன்றைக்கும் ஸ்டேஷன் பெயர் சானடோரியம். 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரம் வந்தது. குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது குரோம் லெதர் கம்பெனி.

வந்தவர்கள் போட்ட கணக்கு ரொம்ப எளிமையானது. சம்பளம் நகரத்தில், வாடகை புறநகரில், இரண்டுக்கும் நடுவே ஒரு சீசன் டிக்கெட். நகரத்தின் மையத்திலிருந்து தூரம் போகப் போக நிலத்தின் விலை குறையும், பயணச் செலவு கூடும், மனிதன் இரண்டையும் தராசில் வைத்து வீடு பார்ப்பான் என்று வில்லியம் அலோன்சோ என்ற அமெரிக்கர் 1964-ல் ஒரு புத்தகமே எழுதினார். மேற்கு மாம்பலத்திலிருந்து மேற்குத் தாம்பரத்துக்குச் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு அது ஏற்கனவே தெரியும்.

பஞ்சப்படி

"அகவிலைப்படி" என்று இன்று அரசாணையில் எழுதுகிறோம். எங்கள் தாத்தா கடைசி வரை "பஞ்சப்படி" என்றுதான் சொன்னார். அந்தப் பேரிலேயே விஷயம் இருக்கிறது. இரண்டாவது உலகப் போர் சமயம் சாப்பாட்டு சாமான் விலை ஏறியபோது, சம்பளத்தை உயர்த்தாமல் தனியாக ஒரு படி கொடுக்க ஆரம்பித்தார்கள். விலை இறங்கியதும் எடுத்துவிடலாம் என்ற எண்ணம். விலை இறங்கவில்லை. 1947-ல் மத்திய அரசின் முதல் சம்பளக் கமிஷன் குறைந்தபட்சச் சம்பளமாகச் சொன்ன 55 ரூபாயில், 30 ரூபாய்தான் அடிப்படைச் சம்பளம். 25 ரூபாய் பஞ்சப்படி.

இந்தப் படிக்கு ஆதாரம் நுகர்வோர் விலைக் குறியீட்டு எண். இங்கேதான் நம் ஜூனியர்கள் தடுமாறுகிறார்கள். சென்னையின் எண் இவ்வளவு, பெங்களூரின் எண் அவ்வளவு, ஆகவே எது சின்னதோ அந்த ஊர் சீப் என்று முடிவு கட்டுகிறார்கள். அது தப்பு. ஒவ்வொரு ஊரும் ஓர் அடிப்படை வருஷத்தில் 100 என்று ஆரம்பிக்கிறது. 1960, 1982, 2001, இப்போது 2016 என்று அந்த அடிப்படை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த வருஷத்திலிருந்து அந்த ஊரில் விலை எவ்வளவு ஏறியது என்பதைத்தான் எண் சொல்லும். ஆரம்பத்தில் எந்த ஊர் காஸ்ட்லி என்பதைச் சொல்லவே சொல்லாது. இரண்டு பேருக்கும் ஜுரம் எத்தனை டிகிரி ஏறியது என்று தெரிந்தால், யார் எடை அதிகம் என்று தெரியுமா? அந்த மாதிரி.

ஊருக்கு ஊர் வித்தியாசத்தை அரசாங்கம் வீட்டு வாடகைப்படியில் கவனித்தது. 2008-லிருந்து ஊர்களை எக்ஸ், ஒய், இசட் என்று மூன்றாகப் பிரித்தார்கள். 50 லட்சம் ஜனத்தொகைக்கு மேல் இருந்தால் எக்ஸ், அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். 5 லட்சத்துக்கு மேல் ஒய், 20 சதவீதம். மிச்சமெல்லாம் இசட், 10 சதவீதம். 2017-ல் அது 24, 16, 8 ஆனது. அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்ட 2024 ஜனவரியிலிருந்து மறுபடி 30, 20, 10. சென்னை எக்ஸ், பெங்களூரும் எக்ஸ். கோவையும் மதுரையும் திருச்சியும் ஒய்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தப் படி வேலை பார்க்கும் ஊரைப் பொறுத்தது, குடியிருக்கும் தெருவைப் பொறுத்ததல்ல. மைலாப்பூரில் குடியிருப்பவருக்கும் தாம்பரத்தில் குடியிருப்பவருக்கும் ஒரே படி. ஆக, நகரத்துப் படியை வாங்கிப் புறநகர் வாடகையைக் கொடுத்தவருக்கு மாதாமாதம் ஒரு மிச்சம். செலையூர், சிட்லப்பாக்கம், சேலையூர் கேம்ப் ரோடு, முடிச்சூர் என்று இந்தப் பக்கம் எழும்பிய எத்தனையோ வீடுகளுக்கு அந்த மிச்சம்தான் கடைக்கால்.

வேலை இருக்கும் இடமே ஊர்

நம் எம்.ஐ.டி.யை 1949-ல் சி. ராஜம் தொடங்கினார். சொந்த வீட்டை விற்றுப் பணம் போட்டார் என்பது நாம் எல்லோரும் முதல் வருஷமே கேட்கும் கதை. ஆரம்பத்தில் பி.எஸ்ஸி. முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு விமானம், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று அன்று வேறு யாரும் அதிகம் நினைக்காத பாடங்களைச் சொல்லிக் கொடுத்த இடம். அன்று படித்து வெளியே வந்தவர்களுக்கு எந்த ஊர் என்ற கேள்வியே கிடையாது. விமான இன்ஜினீயருக்கு நாட்டில் வேலை இருந்ததே இரண்டு மூன்று ஊரில்தான்.

அப்துல் கலாம் தன் சுயசரிதையில் இதை விவரமாக எழுதியிருக்கிறார். சேரும்போது கட்ட வேண்டியிருந்த ஆயிரம் ரூபாய் சுமாருக்கு அவர் அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். படிப்பு முடிந்து பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் பயிற்சி. பிறகு இரண்டு வாய்ப்புகள். ஒன்று டேராடூனில் விமானப்படைத் தேர்வு, இன்னொன்று டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்ப இயக்குநரகம். விமானப்படையில் 25 பேரில் 9-வதாக வந்தார். எடுத்துக்கொண்டது 8 பேரை. டெல்லி வேலையில் சேர்ந்தார், அடிப்படைச் சம்பளம் மாதம் 250 ரூபாய். 1959-ல் இரண்டாவது சம்பளக் கமிஷன் சிபாரிசு செய்த குறைந்தபட்சச் சம்பளம் 80 ரூபாய் என்பதோடு ஒப்பிட்டால் அது கௌரவமான தொகைதான். அங்கிருந்து கான்பூர், பெங்களூர், தும்பா என்று வேலை அவரைக் கூட்டிக்கொண்டு போனது.

எலெக்ட்ரானிக்ஸ் படித்த ரங்கராஜன், அதாவது நம் சுஜாதா, டெல்லியில் சிவில் ஏவியேஷன், பிறகு பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ஓய்வுக்குப் பின் சென்னை. இவர்கள் தலைமுறையில் வேலை போட்ட கோட்டில் வாழ்க்கை போனது. விலைவாசியை ஒப்பிட இரண்டாவது ஆஃபர் கையில் இருந்தால்தானே!

ஊர் இருக்கும் இடமே வேலை

அடுத்த தலைமுறையில் இது தலைகீழானது. என் அப்பாவை உதாரணம் சொல்கிறேன். பாரிமுனையில் மத்திய அரசு ஆபீஸ். 1988-ல் பிரமோஷனோடு பம்பாய்க்கு மாற்றல் வந்தது. அவருடைய பழைய டைரியில் அந்தக் கணக்கு இன்னும் இருக்கிறது. இடது பக்கம் "பம்பாய்", வலது பக்கம் "தாம்பரம்". பம்பாய்ப் பக்கத்தில் கூடுதல் சம்பளம் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே "வீடு" என்று எழுதி ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான். தாம்பரம் பக்கத்தில் "போர்ஷன் வாடகை 350, சீசன், பால், அம்மாவுக்கு மருந்து." பிரமோஷனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். 1991-ல் முடிச்சூரில் ஒரு மனை வாங்கினார். ஏன் முடிச்சூர் என்று கேட்டேன். "மத்த இடத்தைவிட சீப்பா இருந்துதுடா" என்றார்.

வேலை வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டால் என்ன என்ற ஆசையும் இந்தப் பகுதிக்கு உண்டு. அதுவும் பலமுறை நிறைவேறி, பலமுறை கலைந்திருக்கிறது. பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இருந்தது. 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 காரைக் கொண்டுவந்தது, 1988-ல் உற்பத்தி நின்றது. 1984-ல் தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ் வந்தது. 1995-ல் ஃபோர்டு, மஹிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து மறைமலை நகரைத் தேர்ந்தெடுத்தது. 2021-ல் மூடும் அறிவிப்பு வந்தது, 2022-ல் கார் உற்பத்தி நின்றது. வீடு பக்கம் என்பதற்காக மட்டும் ஒரு கம்பெனியில் சேர்ந்தவருக்கு, கம்பெனி போன பிறகு வீடு மட்டும்தான் மிஞ்சியது. இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2000-ல் தரமணியில் டைடல் பார்க் வந்தது. பழைய மகாபலிபுரம் ரோடு ஐ.டி. ரோடாக மாறியது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மஹிந்திரா சிட்டி வந்தது. அப்புறம்தான் ஒரே பையன் கையில் இரண்டு ஊர், இரண்டு ஆஃபர் என்ற நிலைமை சகஜமானது.

என் கணக்கு, 2012

நான் படிப்பு முடித்த வருஷம் எனக்கும் இரண்டு வந்தது. பெங்களூரில் கையில் மாதம் 31,000. ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த ஒரு கம்பெனியில் 24,000. ஏழாயிரம் வித்தியாசத்தைப் பார்த்ததும் பெங்களூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கணக்குப் போட்டது அங்கே போய்ச் சேர்ந்து மூன்று மாதம் கழித்துத்தான்.

பெங்களூரில் இரண்டு பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் என் பங்கு 7,000. சாப்பாடு 6,000. ஆபீஸ் போய்வர 2,000. மாதம் இரண்டு தடவை ஊருக்கு வந்து போக 2,400. மொத்தம் 17,400. மிச்சம் 13,600. இங்கேயே இருந்திருந்தால் வீட்டுக்கு 5,000, சீசனும் ஷேர் ஆட்டோவும் 800, மதியச் சாப்பாடு 1,500. மொத்தம் 7,300. மிச்சம் 16,700. அதாவது ஏழாயிரம் குறைவான சம்பளத்தில் 3,100 ரூபாய் அதிக மிச்சம்!

இது தவிர, வீட்டு அட்வான்ஸ் பத்து மாத வாடகை, என் பங்கு 70,000. அப்பாவிடம்தான் வாங்கினேன். சென்னையிலும் அந்தப் பழக்கம் இல்லாமல் இல்லை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று தமிழ்நாட்டில் 2019-ல் அமலுக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் சொல்கிறது. வருமான வரியிலும் ஒரு சின்ன விஷயம். 1961-ம் வருஷச் சட்டத்தின் கீழ் வாடகைப்படிக்கு விலக்கு தரும்போது டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னைக்கு மட்டும் உச்சவரம்பு சம்பளத்தில் 50 சதவீதம், மற்ற ஊர்களுக்கு 40. பெங்களூர் வாடகை எகிறிய பிறகும் பல வருஷம் அங்கே 40-தான்.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெங்களூரில் முதல் மூன்று வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட வேலை, அன்று எனக்கு வந்த சென்னை ஆஃபரில் கிடைத்திருக்காது. இன்று நான் சாப்பிடும் சாப்பாடு அந்தப் படிப்பால்தான். மாதம் 3,100 ரூபாய் அதற்கு நான் கட்டிய ஃபீஸ் என்று வைத்துக்கொண்டேன். கணக்கு நேராகிவிட்டது என்றே நினைத்தேன், 2015 டிசம்பர் வரை.

டிசம்பர் 1-ந் தேதி பெய்த மழை, மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். அடையாற்றுத் தண்ணீர் முடிச்சூருக்குள் வந்தது. அப்பா 1991-ல் சீப்பாக வாங்கினாரே, ஏன் சீப் என்று அன்றுதான் எங்கள் தெருவுக்கே புரிந்தது. ஃபோன் போகவில்லை. விமான நிலையம் மூடிவிட்டார்கள். இரண்டு நாள் நான் பெங்களூரில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தின் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்து அதே நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காஞ்சிபுரம் வழியாக வந்து, படப்பைக்கு அப்புறம் நடந்தேன். அப்பாவும் அம்மாவும் மொட்டை மாடியில் பத்திரமாக இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன் அம்மாவை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். அவன் பெருங்களத்தூரில் வேலை பார்க்கிறவன், என்னைவிடச் சம்பளம் குறைவு.

"நீ எதுக்குடா லீவ் போட்டுட்டு வந்தே" என்றுதான் அம்மா கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

2018-ல் திரும்பி வந்துவிட்டேன், பெங்களூர்ச் சம்பளத்தைவிடக் குறைவாக. தியாகம் ஒன்றும் இல்லை. அதற்குள் வேலை கற்றுக்கொண்டாயிற்று, இங்கேயும் அந்த வேலை வந்துவிட்டது.

ஜூனியர்களுக்கு

இந்தத் தொண்ணூறு வருஷத்தில் ஊரும் மாறிவிட்டது. தாம்பரம் 2021-ல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி ஆனது. வெளியூர் பஸ் நிலையம் 2023 கடைசியில் கிளாம்பாக்கத்துக்கே வந்துவிட்டது. "தாம்பரம்னா சீப்" என்பது பழைய வசனம். இன்று சீப்பைத் தேடுகிறவர் கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோயில் என்று போகிறார், நம் தாத்தாக்கள் மாம்பலத்திலிருந்து இறங்கியது போலவே. அங்கே மனை வாங்குகிறவர், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பக்கத்து டீக்கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்கட்டும்.

ஃபோன் செய்த தம்பிக்கு ஒரு வாரம் கழித்து நான் சொன்னது இதுதான். லட்சக் கணக்கை மூடி வை. மாதம் கையில் வருவது எவ்வளவு, அதில் மிச்சம் எவ்வளவு என்று இரண்டு ஊருக்கும் எழுது. அட்வான்ஸ் யார் பணம் என்று எழுது. தினமும் ரோட்டில் எத்தனை மணி நேரம் என்று எழுது, துரைப்பாக்கம் ரேடியல் ரோடும் சும்மா இல்லை. மூன்று வருஷத்தில் எந்த இடத்தில் அதிகம் கற்றுக்கொள்வாய் என்று அங்கே வேலை பார்க்கும் ஆளிடமே கேள். கடைசியாக, வீட்டில் ஒன்று என்றால் எத்தனை மணி நேரத்தில் வந்து நிற்க முடியும், நீ வரும் வரை யார் இருப்பார்கள் என்று எழுது. அப்புறம் அம்மாவிடம் அந்தப் பேப்பரைக் காட்டு.

நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டார். "அண்ணா, பெங்களூர்தான் போறேன். கணக்குல மிச்சம் ஒண்ணும் பெரிசா இல்ல. ஆனா வேலை நல்ல வேலை. அம்மாகிட்ட பேப்பரைக் காட்டினேன். மூணு வருஷம்னு போட்டிருக்கியே, நாலாவது வருஷம் என்னன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நாலாவது காலம் ஒண்ணு போட்டுட்டேன். காலியா இருக்கு."

நண்பர்களே, ஒரு சின்ன யோசனை. சந்திப்பு நாளில் பதிவு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பெயர் வேண்டாம். எந்த ஊர், எந்த வருஷம், வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு, மாதக் கடைசியில் மிச்சம் எவ்வளவு. ஒரு வரி எழுதினால் போதும். பம்பாய் போனவர், போகாதவர், அமெரிக்கா போய்த் திரும்பியவர், பெருங்களத்தூரைத் தாண்டாதவர் எல்லோரும் எழுதலாம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எழுதிவிடுங்கள். ஃபைனல் இயர் பசங்க அதைப் பார்க்க வருவார்கள்.